பெங்களூர்த் தமிழ்ப் பறவை நோக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்: பாட்டைப் போடாதீர்கள், பதிவு செய்யுங்கள்

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதி வந்தால் பைனாகுலரும் காமிராவுமாக மலையேறும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

நானும் இதே ஊர்தான். உயிரியல் பேராசிரியர். வெப்பமண்டலத்தில் பறவைகள் ஏன் இத்தனை வகையாகப் பெருகின, ஓர் இனம் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதே என் ஆராய்ச்சி. உங்களில் சிலரை லால்பாகில் பார்த்துப் பேசியிருக்கிறேன். சிலரை நீலகிரியிலும் வால்பாறையிலும். நீங்கள் எடுத்த படங்களை வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தின் உரிமையில் ஒன்று கேட்கிறேன். மலையுச்சிச் சோலைக்காட்டில் பறவையை வெளியே வரவழைக்க அதன் பாட்டை ஸ்பீக்கரில் போடுவதை விட்டுவிடுங்கள். அது தானாகப் பாடும்போது அந்தப் பாட்டைப் பதிவு செய்து, எங்கே, எப்போது, எந்த உயரத்தில் என்று எழுதிப் பொதுவில் வையுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிளேபேக், அதாவது ஸ்பீக்கரில் பாட்டு, போடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் விடிந்தும் விடியாத நேரம். ஓடைக்கரை ஓரமாகப் புதருக்குள் ஒரு ஷோலாகிளி இரை தேடிக்கொண்டிருக்கிறது. பெயரில்தான் கிளி; உண்மையில் அது தரையை ஒட்டியே வாழும், நீண்ட கால்களுள்ள, கருநீலச் சிறு பறவை. யாரோ புளூடூத் ஸ்பீக்கரைப் பாறை மேல் வைத்து அதே இனத்தின் பாட்டைப் போடுகிறார். தன் எல்லைக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று அது நம்புகிறது. தின்பதை நிறுத்துகிறது. தாழ்ந்த கிளையில் ஏறி நின்று கழுத்தை அங்குமிங்கும் திருப்புகிறது, ஸ்பீக்கருக்கு மேலேயே குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கிறது, தன் பாட்டை வேகவேகமாகத் திருப்பிப் பாடுகிறது. காமிராக்கள் சடசடவென்று ஓடுகின்றன. ஐந்து நிமிடம் கழித்து நாம் கிளம்பிவிடுகிறோம். அரைமணி நேரத்தில் அடுத்த வண்டி வருகிறது. அதே புதர், அதே பாறை, அதே பாட்டு. கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் ஒரு பறவைக்கு விடியற்காலை நேரம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு சண்டை போட்டே அந்த நேரம் போய்விடுகிறது.

இதுவரை நீங்கள் கேள்விப்பட்டதுதான். இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அதைப் பறவை நோக்கர் வட்டாரத்தில் யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் ஆராய்ச்சியிலும் ஸ்பீக்கர் உண்டு. வனத்துறை அனுமதி வாங்கி, இத்தனை நிமிடம்தான், இத்தனை முறைதான் என்று வரையறுத்துக்கொண்டு அதைப் பயன்படுத்துகிறோம். ஒரு மலையில் இருக்கும் பறவைக்குப் பக்கத்து மலைப் பறவையின் பாட்டைப் போட்டுக் காட்டுவோம். தன் இனத்தவன் வந்துவிட்டான் என்று அது சீறிக்கொண்டு வந்தால், இரண்டும் இன்னும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன என்று பொருள். கண்டுகொள்ளாமல் தன் போக்கில் இரை தேடிக்கொண்டிருந்தால், அந்த இரண்டு கூட்டமும் பிரிந்து போவதற்கான அறிகுறி அது. இரண்டு இனமா ஒரே இனமா என்று முடிவு செய்ய டி.என்.ஏ.வோடு சேர்த்து நாங்கள் பார்க்கும் முக்கியமான சான்று இது. இப்போது யோசியுங்கள். வாரா வாரம் ஸ்பீக்கரைக் கேட்டுக் கேட்டு, வெளியே வந்து பார்த்தால் அங்கே எவனும் இல்லை என்று பழகிப்போன பறவை என்ன செய்யும்? பேசாமல் இருந்துவிடும். நாங்கள் அதை 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதிவிடுவோம். ஒரு பார்க்கிங் பக்கத்துப் புதரில் எடுத்த லைஃபர் (வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்த பறவை) படத்துக்காக, லட்சக்கணக்கான ஆண்டுகளில் உருவான ஒன்றைப் பற்றிய சான்றே கெட்டுப்போகிறது.

அந்த லட்சக்கணக்கான ஆண்டுக் கதையைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. உங்களுக்குப் பழகிய மலைகளின் கதைதான்.

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனால் இரண்டு பக்கமும் மலை விலகி நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் மிகப் பெரிய இடைவெளி அது. 30, 40 கிலோமீட்டர் அகலம். தரை கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிதான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். அதற்கும் தெற்கே செங்கோட்டைக் கணவாய் தாண்டி அகத்தியமலை. இந்த மலைகளின் உச்சிகளில், புல்வெளிக்கு நடுவே மடிப்பு மடிப்பாகச் சோலைக்காடு. அந்தக் குளிரில், அந்த ஈரத்தில் வாழப் பழகிய பறவைக்குக் கீழே இருக்கும் வெயில் சமவெளி கடல் மாதிரி. அதனால்தான் இந்த உச்சிகளை வானத் தீவுகள் என்கிறோம்.

இதில் ஒரு கேள்வி எழும். பறவைதானே, பறந்து போய்விடாதா? 40 கிலோமீட்டர் ஒரு தூரமா? டேனியல் ஜான்சன் (Janzen) என்ற சூழலியலாளர் 1967-இல் இதற்கு அழகான விளக்கம் சொன்னார். குளிர்நாட்டில் வாழும் உயிரினம் ஒரே ஆண்டில் பனியையும் வெயிலையும் பார்த்துவிடுகிறது. அதற்கு மலையும் பள்ளத்தாக்கும் பெரிய வித்தியாசமில்லை. வெப்பமண்டலத்திலோ ஓர் இடத்தின் தட்பவெப்பம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் உயிர் அந்தக் குளிரை மட்டுமே அறியும். அடிவார வெயிலை அது வாழ்நாளில் பார்த்ததே இல்லை. ஆகவே அதே உயரமுள்ள மலையும் அதே ஆழமுள்ள பள்ளமும் வெப்பமண்டல உயிருக்குப் பெரிய தடையாகிவிடுகின்றன. பூமத்திய ரேகைப் பக்கம் போகப் போகப் பறவை இனங்கள் ஏன் கூடுகின்றன என்பதற்குக் காரணங்கள் பல. உலகில் உள்ள சுமார் 11,000 பறவை இனங்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில் இருப்பதை ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. என்றாலும், ஆராய்ச்சியில் இறங்கிய நாள் முதல் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஜான்சனின் இந்த விளக்கம்தான். ஊட்டிக்கும் வால்பாறைக்கும் நடுவே நின்று பார்த்தால் அது கண்ணெதிரே தெரிகிறது.

நீலகிரி ஷோலாகிளிக்கு விலாப்புறம் செம்பழுப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருப்பதற்கு அந்தச் செம்மை இல்லை, வயிறு வெள்ளை. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டான் காலத்திலிருந்தே, அதாவது 1840-களிலிருந்தே, இந்தப் பறவையை அறிவியல் அறியும். ஆனால் இமயமலைப் பக்கத்துப் பறவைகளோடு சேர்த்து ஒரு பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) போட்டார்கள், அப்புறம் வேறொன்றில் மாற்றினார்கள். உருவம் ஏமாற்றிக்கொண்டே இருந்தது. 2017-இல் வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு டி.என்.ஏ., உடல் அளவுகள், நிறம், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினம் என்று காட்டியது. அதற்கு ஷோலிகோலா என்று பெயர் வைத்தார்கள். அகத்தியமலைப் பக்கம் இருப்பது தனி இனம் என்றும் அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பான்கள் என்ற சோலைப் பறவைகளுக்கும் அதே கதை. நீலகிரியில் ஒன்று, வயநாட்டின் பாணாசுரமலைப் பக்கம் ஒன்று, பழனி மலை, ஆனைமலைப் பக்கம் ஒன்று, அகத்தியமலையில் ஒன்று என்று நான்கு இனங்கள். அவை எல்லாம் சேர்ந்து மான்டிசின்க்லா என்ற இன்னொரு புதிய பேரினம். உமா ராமகிருஷ்ணனின் ஆய்வகம் பெங்களூரிலேயே, ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தில்தான் இருக்கிறது. ஹெப்பால் மேம்பாலத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது, கொஞ்ச தூரத்தில்தான் இந்த வேலை நடந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2017 என்றால் நேற்று மாதிரி. நம் மலைகளில் இரண்டு பேரினங்களே அதுவரை பெயரில்லாமல் இருந்திருக்கின்றன. இன்னும் எத்தனை பிரிவினைகள் நமக்குத் தெரியாமல் அங்கே கிடக்கின்றன என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அந்தப் பிரிவினைகளைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருக்கும் வழிகளில் டி.என்.ஏ. கடினமானது. அனுமதி வேண்டும், விடியுமுன் மெல்லிய வலை கட்ட வேண்டும், சிக்கிய பறவையைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கையின் ரத்தக்குழாயில் ஒரு துளி ரத்தம் எடுத்து, காலில் வளையம் மாட்டி, சில நிமிடத்தில் விட்டுவிட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை. பாட்டு அப்படியில்லை. அதை யார் வேண்டுமானாலும், பறவையைத் தொடாமலே எடுக்கலாம்.

பாட்டில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். நாம் பார்க்கும் பெரும்பாலான பாடும் பறவைகள் பாட்டைப் பிறவியிலேயே கொண்டு வருவதில்லை; குஞ்சாக இருக்கும்போது பெரியவர்கள் பாடுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொள்வதில் சின்னச் சின்ன மாற்றங்கள் வரும். இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று கேட்க முடியாமல் பிரிந்துவிட்டால், அந்த மாற்றங்கள் இரு பக்கமும் தனித்தனியாகச் சேர்ந்துகொண்டே போகும். துணையைத் தேர்ந்தெடுப்பதே பாட்டைக் கேட்டுத்தான் என்பதால், ஒரு கட்டத்தில் அந்தப் பக்கத்துப் பாட்டு இந்தப் பக்கத்துப் பறவைக்கு அர்த்தமில்லாத சத்தமாகிவிடும். அங்கே ஓர் இனம் இரண்டாகிறது. எல்லாப் பறவையும் இப்படியில்லை. குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் ஆறுமணிக்குருவி வேறு கிளையைச் சேர்ந்தது. அதன் கூவலைப் பெரும்பாலும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளைவயிற்று ஷோலாகிளியின் பாட்டை மலை மலையாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. பழங்காலக் கணவாய்களால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு மாறியிருந்தது எதிர்பார்த்ததுதான். அண்மையில் காடழிப்பால் துண்டான கூட்டங்களிலும் பாட்டில் வேறுபாடு தென்பட்டது. நாம் போட்ட தேயிலைத் தோட்டமும், யூகலிப்டஸும் சீகை மரமும் நட்ட சரிவும் இன்று அந்தப் பறவையின் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கின்றன. அதைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் இப்போதே, பல இடங்களிலிருந்து, ஆண்டுக்கு ஆண்டு பதிவுகள் வேண்டும்.

அது எங்களால் மட்டும் முடியாது. ஒரு மாணவர் மூன்று நான்கு மாதம் ஒரு மலையில் தங்கினால் பெரிது. நீங்களோ ஆண்டு முழுக்கப் போகிறீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அத்திப்பள்ளி டோலில் உங்கள் வண்டிகள் நிற்பதையும், பந்திப்பூர் கேட் காலை 6 மணிக்குத் திறக்கக் காத்திருப்பதையும் பார்த்தவள் நான். அந்த உழைப்பு அறிவியலுக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்கு அத்தாட்சி உண்டு. 'இந்தியப் பறவைகளின் நிலை' 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு ஆதாரம், 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் பதிந்த சுமார் 3 கோடிப் பார்வைகள். சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலை. இவ்வளவு பெரிய தொகுப்பை எந்தப் பல்கலைக்கழகமும் காசு கொடுத்துச் சேர்த்திருக்க முடியாது.

அதனால்தான் பதிவின் நேர்மை பற்றியும் பேச வேண்டும். மத்திய இந்தியாவில் ஃபாரஸ்ட் அவுலெட் என்ற சிறிய ஆந்தை உண்டு. பாடம் செய்து வைத்திருந்த அதன் மாதிரிகளில் ஒன்றை ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹேகன் என்பவர் அருங்காட்சியகத்திலிருந்து திருடி, 1914-இல் குஜராத்தில் தானே பிடித்ததாகப் புதுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டார். அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அந்த மோசடியைக் கண்டுபிடித்து, பழைய உண்மையான மாதிரிகளின் சீட்டுகளை மட்டும் நம்பிப் போனபோது, 1997-இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை கிடைத்தது. நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், அழிந்துபோயிருக்கலாம் என்று நினைத்திருந்த பறவை. ஊர்ப் பெயர் சரியாக எழுதப்பட்டிருந்த பழைய சீட்டுகள்தான் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தன.

நம் வட்டாரத்தில் யாரும் திருடுவதில்லை. பொய் எழுதுவதும் அரிது. ஆனால் ஒரு பழக்கம் எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கும்போது ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் செயலி) ஆரம்பித்த பட்டியலை ஊட்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிக்கிறார்கள். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி 2,200-க்கும் மேல். நடுவில் வறண்ட புதர்க்காடு, ஈரக்காடு, தேயிலை, சோலை எல்லாம் வந்து போய்விடுகின்றன. அந்தப் பட்டியலில் ஒரு பறவை எந்த உயரத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெப்பம் கூடக் கூடப் பறவைகள் மலையில் மேலே ஏறுகின்றனவா என்பது இன்றைக்கு எங்கள் துறையின் பெரிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய பட்டியல் அது. வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் புதுப் பட்டியல் தொடங்குங்கள். குன்னூருக்கு ஒன்று, பர்லியாருக்கு ஒன்று. அவ்வளவுதான்.

இந்த மடலை ஏன் குறிப்பாகத் தமிழில், உங்களுக்கு எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். வால்பாறை, மூணாறு, நீலகிரி எஸ்டேட்டுகளின் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். விடியுமுன் கூடையோடு சோலை ஓரமாக நடந்து போகும் அந்த அம்மாக்கள், எந்தப் பறவை எந்த மாதம் கத்தத் தொடங்கும், எந்தச் சரிவில் முன்பு கத்தியது இப்போது இல்லை என்பதெல்லாம் அறிந்தவர்கள். வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு அவர்களோடு உட்கார்ந்து பேச மொழி இல்லை. உங்களுக்கு இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 'அக்கா, அந்தக் காட்டு ஓரத்துல காலையில கூவுமே, அது இந்த வருஷம் கேட்டுச்சா?' என்று கேளுங்கள். போனில் இருக்கும் பதிவைப் போட்டுக் காட்டுங்கள்; காட்டுக்குள் வேண்டாம், கடையில். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிப் பதிவின் குறிப்பில் சேருங்கள், தமிழிலேயே.

மலைக்குப் போனால்தான் இதெல்லாம் என்றும் இல்லை. குளிர்காலத்தில் உங்கள் அபார்ட்மென்ட் மரத்திலேயே ஒன்று இருக்கும். ஏழெட்டு கிராம் எடை, மங்கிய பச்சை, கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு. பச்சைக் கதிர்க்குருவி. படத்துக்கு அழகில்லை என்று யாரும் காமிராவைத் தூக்குவதில்லை. இலைக்கு நடுவே 'சிலீ' என்று சுருக்கமாகக் கத்திக்கொண்டே இருக்கும். இந்தக் குட்டிப் பறவை பரிணாம உயிரியலில் பெரிய ஆள். திபெத்திய மேட்டுநிலத்தைச் சுற்றி வளையம் போல இதன் கூட்டங்கள் பரவியிருக்கின்றன. இமயமலையிலிருந்து மேற்கே சுற்றி வடக்கே போனாலும், கிழக்கே சுற்றி வடக்கே போனாலும், பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. இரண்டு முனைகளும் சைபீரியாவில் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டை மற்றது கண்டுகொள்வதில்லை. சேர்ந்து இனப்பெருக்கமும் பெரும்பாலும் செய்வதில்லை. டைஸ்ஹர்ஸ்ட் என்பவர் 1938-இலேயே இந்த வளையத்தைச் சுட்டிக்காட்டினார். டேரன் இர்வின் 2001-இலும் அதன் பிறகும் பாட்டையும் மரபணுவையும் வைத்து அதை விரிவாக ஆராய்ந்தார். ஓர் இனம் இரண்டாவதற்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் பறவை, குளிர்காலம் முழுக்க ஜெயநகர் மரத்திலும் கப்பன் பார்க்கிலும் புழு தின்றுகொண்டிருக்கிறது. ஊருக்குத் திரும்பும் முன், மார்ச், ஏப்ரலில், சில நாள் இங்கேயே பாடிப் பார்க்கவும் செய்யும். அதைப் பதிவு செய்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

இதே போல் சின்னக் குக்குறுவான். கன்னடத்தில் குட்ருஹக்கி. இந்த ஊரில் அதன் சத்தம் கேட்காத காலை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் அதேதான், ஏற்காடு மாதிரிக் கிழக்கு மலைகளிலும் அதேதான். மலைக்காட்டில் பாடுவதும் சில்க் போர்டு இரைச்சலில் பாடுவதும் ஒன்றா? ஒப்பிடப் பதிவுகள் வேண்டும். அப்புறம் நந்தி மலை. சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான் அங்கே இருக்கிறது. உச்சியில் இருக்கும் கொஞ்சக் காட்டில் நீலகிரிக் காட்டுப்புறாவும் இருக்கிறது, தன் முக்கிய இருப்பிடமான மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அத்தனை தூரம் தள்ளி. வானத் தீவு பார்க்க ஊட்டி வரை போக வேண்டியதில்லை.

பதிவு செய்வது எப்படி என்று கேட்பீர்கள். தனி மைக் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் போன் போதும். சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒலிக்கோப்பாக அனுப்பினால் சத்தம் நசுங்கிப்போகலாம், ஆகவே மூலக்கோப்பை வைத்திருங்கள். இரண்டு நிமிடமாவது நகராமல், பேசாமல் நில்லுங்கள். பறவை நிறுத்திய பிறகு உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்: தேதி, நேரம், இடம், உயரம், எந்த மரத்தில், என்ன செய்துகொண்டிருந்தது, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா. பின்னால் வண்டிச் சத்தம் இருந்தால் இருக்கட்டும். சுத்தம் செய்யப் போய்ப் பாட்டின் ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி சொன்ன பெயரை அப்படியே போடாதீர்கள், நன்றாகக் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். முன்பே யாராவது பிளேபேக் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் கோபத்தில் பாடும் பாட்டு வேறு, தானாகப் பாடுவது வேறு. பறவை ஒலிகளைப் பொதுவில் சேர்த்து வைக்கும் ஸெனோ-கான்டோ தளத்தில் அதைக் குறிக்கத் தனி இடமே இருக்கிறது. இன்னொன்று, பாடியது ஆண் என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆண்களே பாடுவதைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே அப்படி என்று நெடுங்காலம் எழுதி வைத்தார்கள். பாடும் பறவைகளின் மூதாதைகளில் பெண்ணும் பாடியிருக்க வேண்டும் என்று 2014-இல் வந்த உலகளாவிய ஆய்வு காட்டியது. வெப்பமண்டலத்தில் பெண் பாடுவது சாதாரணம். நிறம் மங்கிய பறவை பாடிக் கேட்டால், அதை எழுதாமல் விடவே கூடாது.

குழு நடத்தும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போதே, பிளேபேக் கிடையாது, புழு போட்டுப் பறவையை வரவழைப்பது கிடையாது என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள். நடுவழியில் சொன்னால் சண்டைதான் வரும். உள்ளூர் வழிகாட்டிகளைக் குறை சொல்லாதீர்கள். பறவை தெரியாவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அடுத்த முறை கூப்பிட மாட்டார் என்ற பயத்தில்தான் அவர்கள் ஸ்பீக்கரை எடுக்கிறார்கள். வண்டியில் ஏறும்போதே, 'அண்ணே, பாட்டு போட வேண்டாம், பறவை வரலைன்னாலும் பேசின காசு முழுசா தர்றோம்' என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு பேச்சில் அந்தக் காலை முழுவதும் மாறிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சோலை ஓரத்தில் சத்தமில்லாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் பக்கத்தில், ஷோலாகிளி தானாகவே வழியில் இறங்கி, சருகைக் கிளறி, பூச்சியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போனது. அதற்குப் பிறகு உள்ளேயிருந்து பாட ஆரம்பித்தது. படம் ஒருவருக்கும் சரியாக விழவில்லை. பதிவு மூன்று பேரிடம் இருந்தது, மூன்றும் நல்ல பதிவுகள்.

கதிர்க்குருவிகள் ஏப்ரலோடு கிளம்பிவிடும். சோலையில் பாட்டும் அதே சமயத்தில்தான் சூடுபிடிக்கும். அதற்குள் போனில் இடம் ஒழித்து வையுங்கள். எடுத்த பதிவுகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்பாகுக்கு வாருங்கள். நானும் என் மாணவர்களும் லேப்டாப்போடு இருப்போம். பாட்டைத் திரையில் கோடுகளாக விரித்து எப்படிப் படிப்பது என்று காட்டித் தருகிறோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்களுக்கு நம்மைவிடக் காது கூர்மை, நமக்குக் கேட்காத மெல்லிய உச்சக் குரல்கள் அவர்களுக்குக் கேட்கும்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து ஓர் உயிரியல் பேராசிரியர்